28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் கோட்டையூர். சென்னையில் மென்பொருள் வேலை. மாதத்தில் பாதி நாள் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். வேகமான கார் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெங்களூரில். 62,000 கி.மீ. ஓடியது, ஸ்டேஜ் 2 ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்துவது) எல்லாம் ஏற்கனவே செய்திருக்கிறார்கள். 19 லட்சம் கேட்கிறார்கள். இன்னொன்று கானாடுகாத்தானில், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) தெரிந்தவர்கள் வீட்டில். 28,000 கி.மீ.தான். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. 22 லட்சம். பெங்களூர் வண்டி என்றால் மாடிஃபிகேஷன் செலவு மிச்சமாகுமே என்று தோன்றுகிறது. ஊர் வண்டி என்றால் ரீமேப், எக்ஸாஸ்ட், லோயரிங், 19 இன்ச் வீல் எல்லாம் நான் போட வேண்டும். மொத்த பட்ஜெட் 25 லட்சம். அப்பச்சி இரண்டுமே வேண்டாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்? எதை முதலில் செய்யலாம்?

பதில்: தம்பி, கானாடுகாத்தான் வண்டியை வாங்குங்கள். ஆனால் 22 லட்சத்துக்கு வேண்டாம். குறைவாக ஓடியது என்பதற்காகக் கூடுதல் விலையும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பெங்களூர் வண்டியின் கதையை முடித்துவிடுவோம்.

அடுத்தவர் செய்து வைத்த மாடிஃபிகேஷனுக்கு என் ஒர்க்‌ஷாப்பில் நான் விலையே போடுவதில்லை. வி.ஆர்.எஸ். காரில் இருப்பது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். கம்பெனி கொடுத்தது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். மென்பொருளை மட்டும் மாற்றும் ஸ்டேஜ் 1 ரீமேப்பிலேயே 290, 300 குதிரைத்திறன் என்று போய்விடும், டார்க் 400-ஐத் தாண்டும். பாகங்களையும் மாற்றிச் செய்யும் ஸ்டேஜ் 2 அதற்கும் மேலே. ஒழுங்காகப் பராமரித்திருந்தால் இன்ஜின் இதைத் தாங்கும். ஆனால் கூடுதல் டார்க் முழுவதும் ஆறு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். இன்ஜின் மென்பொருளை மாற்றியவர் கியர்பாக்ஸ் மென்பொருளையும் மாற்றினாரா? சிக்னலுக்குச் சிக்னல் லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு பவரில் பாய வைக்கும் வசதி) போட்டு எத்தனை முறை பறந்தார்? இந்த கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 62,000 ஓடிய வண்டிக்கு அந்த பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய செலவு வருகிற கட்டத்தில்தான் நிறைய வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், காற்று குளிர்ச்சி. ரீமேப் செய்தவர் அங்கே கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி, அந்தக் குளிர்ச்சியில் சோதித்து ஃபைல் (ரீமேப் மென்பொருள்) எழுதியிருக்கலாம். அதே வண்டியை சித்திரை வெயிலில் திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவே, நம் ஊர் பங்கில் கிடைக்கிற பெட்ரோலில், நாலு பேரோடு ஏ.சி. போட்டு மிதித்தால் என்ன ஆகும்? உள்ளே போகும் காற்று சூடாக இருக்கும், நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும், கம்ப்யூட்டர் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். காசு கொடுத்து வாங்கிய பவர் பாதி காணாமல் போகும். ஃபைல் எழுதியவர் அந்தப் பாதுகாப்பையும் தளர்த்தி வைத்திருந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. ஃபைல் யார் எழுதியது, எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

அதுபோக கர்நாடகப் பதிவு. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்ப வரி குறையும் என்றாலும் இந்த விலை வண்டிக்கு லட்சத்தில்தான் வரும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். வரும், ஆனால் அலைய வேண்டும். 2022 செப்டம்பரில் பெங்களூரில் பெரிய பெரிய பங்களாக்களின் கார்கள் மூழ்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து வருகிற விலை உயர்ந்த வண்டி எதுவானாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பேன், முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. ஆக 3 லட்சம் மிச்சம் என்று நீங்கள் போட்ட கணக்கு வரியிலும் கியர்பாக்ஸிலுமே கரைந்துவிடும்.

இப்போது கானாடுகாத்தான் வண்டிக்கு வருவோம். ஏழெட்டு வருஷத்தில் 28,000 என்றால் அந்த வண்டி ஓடியதை விட நின்றதுதான் அதிகம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இது சகஜம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று வீடு திறக்கும்போது வண்டியை எடுத்து, பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய்வந்து, மறுபடி பின்கட்டு ஷெட்டில் போட்டுப் போர்வை போர்த்திவிடுவார்கள். வாட்ச்மேன் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்துவார். நல்லது செய்வதாகத்தான் அவர் நினைக்கிறார். இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்தால் உள்ளே உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும். அதற்கு ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரி கேபிளைக் கழற்றி வைத்திருந்தாலே தேவலை.

நிற்கிற வண்டியில் ரப்பர்தான் முதலில் போகும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2318 என்று இருந்தால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் பட்டனாகத் திரெட் இருக்கும், புத்தம் புதுசு போலத் தெரியும், விற்பவர் அதைத்தான் காட்டுவார். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல்லாக இருக்கும். அந்த டயரை வைத்துக்கொண்டு மழை நாளில் 230 குதிரைத்திறன் வண்டியை முன்சக்கர இழுவையில் ஓட்டக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை இவர்கள் மாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. டேங்க்கில் நிற்கும் பெட்ரோலும் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2018-இல் செய்த வண்டியின் ஹோஸும் சீலும் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆறு மாதம் நின்ற பெட்ரோல் என்றால் இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எலி வேறு. பானட்டைத் திறந்ததும் வயரிங் ஓரமாக நெல் உமியோ தேங்காய் நாரோ கிடந்தால் ஒரு வயரையும் விடாமல் பார்க்க வேண்டும்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். முதல் நாளே போன் செய்து, நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் முதல் முறை கிளம்பும்போது கேட்கும் சத்தமும் முதல் புகையும் பொய் சொல்லாது. இன்ஜின் செயின் பக்கம் ஓரிரு நொடிக்கு மேல் கடகடவென்று கேட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்த இன்ஜினுக்குத் தெரிந்த பலவீனம் ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. வெப்பத்தில் நெளிந்து கசியும், ஓடாமல் நின்ற வண்டியிலும் கசியும். டார்ச் அடித்து, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே எட்டிப் பாருங்கள். சொட்டாக எதுவும் தெரியாது. உலர்ந்த இளஞ்சிவப்புப் பொருக்குதான் ஓரத்தில் படிந்திருக்கும், உரசினால் தூளாகக் கையில் வரும். கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருந்து, "கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிட்டா போதும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் பார்க்க மைக்ரான் மீட்டர் இருக்கிற ஆளைக் கூட்டிப் போங்கள். கம்பெனி பெயின்ட் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்று காட்டினால் டிங்கரிங் ஆகியிருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய நிலைக்கதவு வாங்குகிறவர்கள் பாலிஷைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கம் திருப்பி பர்மாத் தேக்குதானா என்று பார்ப்பார்கள் இல்லையா, அந்தப் பார்வைதான் இதற்கும் வேண்டும். டிங்கரிங் ஆன வண்டி என்றாலே ஒதுக்க வேண்டாம், ஷெட் தூணில் உரசியதாகவும் இருக்கலாம். சொன்னார்களா, மறைத்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு ஸ்கேன். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேனரில் இன்ஜின், கியர்பாக்ஸ் என்று தனித்தனிப் பகுதிகளில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரையும் பிழைக் குறிப்புகளையும் எடுக்கலாம். மீட்டரைத் திருப்பியவர்கள் எல்லா இடத்திலும் திருப்பியிருக்க மாட்டார்கள். அப்படியே ஷோரூம் சர்வீஸ் வரலாற்றையும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ரீமேப் செய்து திரும்பப் பழைய ஃபைலை ஏற்றிய வண்டியும் பல சமயம் அங்கே மாட்டிக்கொள்ளும், டி.டி.1 என்ற குறியீடு கம்பெனிக் கணக்கில் விழுந்திருந்தால், அந்த இன்ஜின் கம்ப்யூட்டரை யாரோ தொட்டிருக்கிறார்கள். "வந்தபடியே இருக்கிறது" என்ற வார்த்தைக்கு இது ஒரு சோதனை.

ஆர்.சி. யார் பெயரில் என்று பாருங்கள். நம் ஊரில் இது சிக்கலாகும். வீட்டுப் பெரியவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்ற வேண்டும். வாரிசுகள் மூன்று நாட்டில் இருந்தால் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உயிரோடு இருப்பவர் பெயரிலேயே இருந்தால் படிவம் 29, 30, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று போதும். கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35 வேண்டும். டி.என். 63 வண்டி என்றால் வேலை உள்ளூரிலேயே முடிந்துவிடும்.

விலைக்கு வருவோம். டயர் நாலு, பேட்டரி, எல்லா ஆயிலும், கியர்பாக்ஸ் சர்வீஸ் (கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் வயதுக்காக), பிரேக் ஆயில், பெல்ட், தேவைப்பட்டால் அந்த தெர்மோஸ்டாட் கூடு. இதற்கு மட்டும் ஒன்றரையிலிருந்து இரண்டு லட்சம் ஒதுக்குங்கள். இந்தப் பட்டியலை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு 20-க்குப் பேசுங்கள். 20.50 வரை போகலாம். அதற்கு மேல் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். இந்த விலைக்கு இந்த வண்டி வாங்க ஆள் நம் பக்கத்தில் அதிகம் கிடையாது, அவர்களே கூப்பிடுவார்கள்.

சரி, நீங்கள் ஆசையோடு காத்திருக்கும் பகுதி. உங்கள் பட்டியலில் நாலு இருக்கிறது, பிரேக் இல்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். திருச்சி ரோட்டில் ஆடு எப்போது வரும், டி.வி.எஸ். 50 எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல பேட், கொதிநிலை அதிகமான டாட் 4 பிரேக் ஆயில், நல்ல டயர். இந்த மூன்றும் போட்டு நாலு மாதம் ஓட்டுங்கள். அதுவே வேறு வண்டி போலத் தெரியும். அப்புறமும் பவர் போதவில்லை என்றால் ஸ்டேஜ் 1 வரை போகலாம், அதுவும் கியர்பாக்ஸ் மென்பொருளோடு சேர்த்து, உங்கள் ஊர் பங்கில் வருஷம் முழுக்கக் கிடைக்கும் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலோடு. 100 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலை வைத்துக்கொண்டு கேன் கேனாகச் சென்னையிலிருந்து கொண்டுவர முடியாது. நம் வெயிலுக்கு, சத்தம் போடும் ஏர் இன்டேக்கை விட பெரிய இன்டர்கூலர் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) நிஜமாகவே பலன் தரும். வெளியே யாருக்கும் தெரியாது என்பதால் பையன்கள் அதை வாங்குவதில்லை.

லோயரிங்கை விட்டுவிடுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்களில் போட்டிருப்பது அந்தக் காகிதத்தைப் பார்த்துப் போட்டது இல்லை என்று உங்களுக்கே தெரியும். வண்டி வாங்கியதும் டேங்க்கை நிரப்பி, அப்பச்சி, ஆத்தாவோடு நாலு பேர் உட்கார்ந்து, உங்கள் தெருவில் இருக்கிற மோசமான ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கம்பெனி உயரத்திலேயே அடி தட்டினால் அதற்கு மேல் இறக்க என்ன இருக்கிறது? 19 இன்ச் வீலும் அதே கதை. டயர் மெலியும், குழியில் ரிம் வளையும். வீல் மாற்றியே ஆக வேண்டும் என்றால் கம்பெனி அளவிலேயே எடை குறைந்த நல்ல வீலாக எடுங்கள். போல்ட் அமைப்பு 5-க்கு 112 (112 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), நடு ஓட்டை 57.1 மி.மீ. ஓட்டை பெரிதாக இருந்தால் சரியான ரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் 100-இல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் அலைன்மென்ட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வீல் கடைகளில் தொங்கும் பிராண்டு வீல்களில் நகல் நிறைய. விலை பாதி என்றால் அது நகல்தான்.

எக்ஸாஸ்ட் பற்றிச் சட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய டவுன்பைப், வெடிக்கிற மாதிரி சத்தம் போடும் சைலன்சர் இரண்டும் சத்தம், புகை விதிகளிலும் மாட்டும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாதுதான். தெரியாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது: எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், அவர்கள் ஒத்துக்கொள்ளாததைச் செய்யாதீர்கள். விபத்து நடந்து சர்வேயர் வந்து நிற்கிற நாளில் சொல்லாமல் விட்டது உங்கள் மேல்தான் விழும். கழற்றிய ஒரிஜினல் பாகம் எதையும் விற்காதீர்கள். பெட்டியில் போட்டு எழுதி வையுங்கள், வீட்டில் இடத்துக்கா பஞ்சம்?

வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவையில் கரி டிராக். டிராக் டே நடக்கிற நாளில் காசு கட்டிப் போங்கள். ஒரு காலை போதும், உங்களுக்கு வேண்டியது பவரா, பிரேக்கா, அல்லது ஓட்டக் கற்றுக்கொள்வதா என்று தெரிந்துவிடும்.

அப்பச்சி வேண்டாம் என்பதற்கு நான் பதில் சொல்லக்கூடாது, ஆனாலும் ஒன்று. நாலு கதவு, 590 லிட்டர் டிக்கி இருக்கிற கார் இது. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் அதைக் கேட்டுச் சிரிக்கிற ரசிகர்கள் உண்டு. ஆயாவை (பாட்டியை) பின் சீட்டில் உட்கார வைத்து, சீர்ப் பாத்திரத்தை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம் என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள், 0-விலிருந்து 100 எத்தனை நொடியில் என்பதைச் சொல்ல வேண்டாம். வண்டி பார்க்கவும் அவர்களையே கூட்டிப் போங்கள். அந்த வீட்டுக்காரர்களை அவர்களுக்குத் தெரியும், விலை பேச உங்களை விட நல்ல ஆள்.

கைமாறியதும் இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், பிரீமியம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டயர் எண்களையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.